பெரியப்பாவின் 555 புத்தகம்



சென்ற வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குச் ‘சிக்கனம்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்தேன். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. அந்தத் தேர்வுக்காக நாம் பிள்ளைகளை எழுத வைத்த கட்டுரைத் தலைப்புகள் மட்டும் இன்னும் ஒழியவில்லை. எல்லாக் கட்டுரைகளிலும் ‘சிறுதுளி பெருவெள்ளம்’ தவறாமல் வந்திருந்தது. பாதிக் கட்டுரைகளில் எறும்பு வந்திருந்தது. ஒரே ஒரு மாணவி மட்டும் எறும்பை விட்டுவிட்டுத் தன் தாத்தாவைப் பற்றி எழுதியிருந்தாள்.

“என் தாத்தா மிகவும் சிக்கணமானவர். சமையலறையில் விளக்குப் போட விடமாட்டார். பாட்டி கைவிளக்கை வைத்துக்கொண்டு சமைப்பார். அதைப் பார்த்து நாங்கள் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிப்போம்.”

அவளையே எழுந்து வாசிக்கச் சொன்னேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பின்னர் ஆசிரியர் அறையில் அமர்ந்து, ‘சிக்கணம்’ என்பதில் உள்ள மூன்றுசுழி ணகரத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டுவிட்டு மதிப்பெண் போடப் போனபோது கை நின்றுவிட்டது. என் பெரியப்பாவின் நினைவு வந்துவிட்டது.

எங்கள் குடும்பத்தில் சிக்கனத் திலகங்களுக்குப் பஞ்சமே இல்லை. தேநீர்ப் பொட்டலத்தை மூன்று முறை வெந்நீரில் முக்கி எடுத்துக் கொடியில் காயப்போடும் மாமா ஒருவர் இருந்தார். திருமண விருந்துக்குப் போகும்போது கைப்பையில் நெகிழிப் பை கொண்டுபோகும் சித்தியும் இருந்தார். ஆனால் பெரியப்பாவுக்கு முன் அவர்களெல்லாம் ஊதாரிகள்.

கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணிக்கு அருகில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பெரியப்பா பால்மரம் வெட்டினார். நான் சிறுமியாய் இருந்த 1980களில் பள்ளி விடுமுறை வந்தால் எனக்கு அவருடைய லயத்து வீடுதான். தீக்குச்சியைச் சவரக் கத்தியால் நெடுக்காக இரண்டாகப் பிளந்து வைத்திருப்பார். ஒரு பெட்டி அவருக்கு இரண்டு பெட்டி. சவுக்காரம் தேய்ந்து வெற்றிலைபோல் மெலிந்ததும் அதைப் புதிய கட்டியின் முதுகில் ஒட்டிவிடுவார். ஆகவே அந்த வீட்டில் சவுக்காரம் தீர்ந்ததாக வரலாறே இல்லை. சீனர் கடையில் ஆண்டுதோறும் இலவசமாகக் கிடைக்கும் குதிரைப்பட நாட்காட்டியின் தாள்களை மாதம் முடிந்ததும் கிழித்துப் பாய்க்கு அடியில் அடுக்கி வைப்பார். என் பாடப்புத்தகங்கள் அனைத்துக்கும் அதுதான் அட்டை. கணிதப் புத்தகத்திற்கு ஏப்ரல், தமிழுக்கு ஆகஸ்டு என்று நான் அடையாளம் வைத்திருந்தேன்.

பற்பசை தனிக் கதை. முதலில் வாலிலிருந்து சுருட்டுவார். பிறகு உருட்டுக்கட்டையால் தேய்ப்பார். இனி வராது என்று உலகம் கைவிட்ட பிறகு கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டி, உள்ளே தூரிகையை விட்டுச் சுழற்றுவார். “இன்னும் நாலு நாள் ஓடும்,” என்பார். ஓடும். ஐந்தாம் நாள் நாங்கள் உப்பால் பல் தேய்ப்போம்.

செய்தித்தாள் வாங்கமாட்டார். முடிதிருத்தும் கடையில் முதல் நாள் நாளிதழை மறுநாள் போய்ப் படிப்பார். யாராவது கேலி செய்தால், “செய்தி என்னா மீனா, கெட்டுப் போறதுக்கு?” என்று திருப்பிக் கேட்பார். இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு 555 புத்தகம் இருக்கும். மலேசியாவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உள்ளங்கையளவுக் குறிப்புப் புத்தகம். மளிகைக் கடைக் கடன் கணக்கு எழுதுவதற்கென்றே பிறந்தது. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, வேலை இல்லாத நாளில் கூலி இல்லை, ஆனால் அரிசிக்கு மட்டும் மழை விடுமுறை இல்லை. என் தாத்தா இறந்தபோது அவர் விட்டுச் சென்ற சொத்து, கடைக்காரரிடம் இருந்த அத்தகைய ஒரு புத்தகம்தான். அதைப் பத்தொன்பது வயதுப் பெரியப்பா ஏழு ஆண்டுகள் அடைத்தாராம். அதன் பிறகு அவர் யாரிடமும் கடன் வாங்கவில்லை. புத்தகத்தை மட்டும் விடவில்லை. ‘கொத்தமல்லி 10 காசு’ வரை அதில் ஏறும்.

1990களில் தோட்டம் விற்கப்பட்டது. பெரியப்பா தம் சேமிப்பைக் கொண்டு ஒரு மலிவு விலை வீடு வாங்கினார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகச் சொந்த வீடு வாங்கியவர் அவர்தான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கேலி செய்த ஒருவருக்கும் அப்போது வீடில்லை.

2004ஆம் ஆண்டில் அவருடைய மகன் தாம் பயன்படுத்திய பழைய நோக்கியா கைப்பேசியை அவருக்குக் கொடுத்தார். பெரியப்பா அதில் பேசுவதில்லை. பேசினால் காசு. அதற்குப் பதிலாக ஒரு மொழியை உருவாக்கினார். ஒரு மணி அடித்து நின்றால் ‘வீடு வந்து சேர்ந்துவிட்டேன்’. இரண்டு மணி என்றால் ‘பேருந்து நிலையத்திற்கு வா’. மூன்று, ‘நீ என்னைக் கூப்பிடு’. நான்கு, ‘யாரோ தவறிவிட்டார்’. இந்த அட்டவணை எங்கள் எல்லார் வீட்டுக் குளிர்பெட்டியிலும் ஒட்டப்பட்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு நான்கு மணி அடித்தது. திருப்பிக் கூப்பிட்டோம். கைப்பேசி அணைந்திருந்தது. (மின்கலம் வீணாகக் கூடாதென்று இரவில் அணைத்துவிடுவார்.) தைப்பிங்கிலிருந்து நாங்கள் ஒரு காரில் கிளம்பினோம், பட்டர்வொர்த்திலிருந்து சித்தப்பா குடும்பம் இன்னொரு காரில். எங்கள் காரில் வந்த அத்தை பாரிட் புந்தாரைத் தாண்டும்போதே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார். யாருக்காக என்று தெரியாததால் பெயர் வரும் இடங்களை மட்டும் விட்டுவிட்டு அழுதார். நள்ளிரவு தாண்டி இரண்டு கார்களும் ஒன்றாகப் போய் நின்றன. இருட்டு வீட்டின் கதவு திறந்தது. கைலியுடன் பெரியப்பா நின்றார். அழுதுகொண்டு இறங்கிய ஒன்பது பேரையும் பார்த்து அவர் கேட்டார்: “ஐயையோ, யாரு தவறிட்டா?”

கோயிலிலிருந்து வீடு திரும்பிய செய்தியை ஒரு மணியில் சொல்ல முயன்றிருக்கிறார். மூக்குக்கண்ணாடி இல்லாமல் சிவப்புப் பொத்தானைத் தேடி முடிப்பதற்குள் நான்கு மணி ஆகிவிட்டது. எல்லாம் புரிந்த பிறகு அவர் கேட்ட அடுத்த கேள்வி: “ரெண்டு காருக்கும் எண்ணெய் எவ்வளவு ஆச்சு?” நாற்பது வெள்ளி இருக்கும் என்றார் சித்தப்பா. பெரியப்பா நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “எனக்கு முப்பது காசுலே முடிஞ்சிருக்கும்!”

அன்றிரவு பெரியம்மா அடுப்படி இருட்டிலேயே ஒன்பது பேருக்குக் கோப்பி கலக்கினார். இந்தக் கதையைப் பிறகு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்த வரியை ஒரு முறையும் சொன்னதில்லை.

ஆம், கதை சொல்வது என் வேலை. தீபாவளிக்குத் தீபாவளி குடும்பம் கூடும்போது சாப்பாடு முடிந்ததும், “டீச்சர், ஆரம்பி,” என்பார்கள். பயிற்சிக் கல்லூரியில் நாடகப் பயிற்சிக்கு நான் கற்றதெல்லாம் பெரியப்பாவைப் போல நடித்துக் காட்டத்தான் பயன்பட்டது. அவர் குரல், அவர் நடை, பற்பசையை வெட்டும்போது நாக்கைத் துருத்திக்கொள்வது வரை செய்து காட்டுவேன். பெரியப்பாவும் அங்கேயே உட்கார்ந்து சிரிப்பார். பெரியம்மாவும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

2008இல் எனக்குப் புதிய சரக்குக் கிடைத்தது. அவ்வாண்டு ஏப்ரல் 1ஆம் நாள் முதல் கடைகளில் மொத்தத் தொகையைக் கிட்டிய ஐந்து காசுக்கு மாற்றும் முறை நடைமுறைக்கு வந்தது. ஒன்று, இரண்டு காசில் முடிந்தால் கீழே இறங்கிப் பூச்சியமாகும்; மூன்று, நான்கு என்றால் மேலே ஏறி ஐந்தாகும்; ஆறும் ஏழும் ஐந்துக்கு இறங்கும்; எட்டும் ஒன்பதும் பத்துக்கு ஏறும். அறிவிப்பைப் பெரியப்பா முதலில் ‘முட்டாள்கள் தினக் குறும்பு’ என்று நினைத்தார். உண்மை என்று தெரிந்ததும் அவர் கண்களில் ஒரு புதிய ஒளி பிறந்தது.

ஒருமுறை நான் அவரைப் பேரங்காடிக்கு அழைத்துச் சென்றேன். பொருள்களைத் தள்ளுவண்டியில் போட்டுவிட்டு 555 புத்தகத்தை எடுத்துக் கூட்டினார். மொத்தம் 12 வெள்ளி 43 காசு. அப்படியே கட்டினால் 12.45 ஆகும். பெரியப்பா வெங்காயத்தையும் பருப்பையும் வேறு இரண்டு பொருள்களையும் என் கையில் திணித்து அடுத்த வரிசையில் நிற்கச் சொன்னார். அவருடையது 7.22, கட்டியது 7.20. என்னுடையது 5.21, கட்டியது 5.20. ஆக 12.40. “அஞ்சு காசு!” என்று என் முதுகில் தட்டினார். வாகன நிறுத்தக் கட்டணம் அறுபது காசு நான் கட்டினேன். அது அவர் புத்தகத்தில் ஏறாது. நான்காம் ஆண்டு மாணவர்களுக்குக் கிட்டிய மதிப்புப் பாடம் நடத்த இதைவிட நல்ல கதை எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஆசிரியர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு சலுகை வந்தது. மாத மின்கட்டணம் இருபது வெள்ளிக்கு மேற்போகாத வீடுகள் கட்டணமே செலுத்த வேண்டாம் என்று அரசு அறிவித்தது. தொடக்க நிலைக் கட்டணம் அப்போது யூனிட்டுக்கு 21.8 காசு. பெரியப்பா வகுத்துப் பார்த்தார். 91 யூனிட்டுக்குள் இருந்தால் மின்சாரம் இலவசம். 92 ஆனால் முழுவதையும் கட்ட வேண்டும்.

அன்று முதல் மின்மானிதான் அவர் வீட்டுத் தெய்வம். காலையிலும் மாலையிலும் அதன்முன் போய் நிற்பார். எண்ணைப் புத்தகத்தில் குறிப்பார். இரவில் குளிர்பெட்டியை அணைப்பார். “ராத்திரியிலே அதுக்கு என்னா வேலை?” கணக்கெடுக்க ஆள் வரும் நாளுக்கு முந்திய வாரம் எண் 80ஐத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு விளக்காகக் கழற்றிவிடுவார். திருவள்ளுவர் ‘நன்றியில் செல்வம்’ என்று ஓர் அதிகாரம் பாடியிருக்கிறார். மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் ஒருவரை அவரும் எதிர்பார்த்திருக்கமாட்டார் என்று நான் அந்தத் தீபாவளியில் சொன்னேன். நல்ல கைதட்டல்.

2010ஆம் ஆண்டு, அப்படியொரு கடைசி வாரத்தில், விடியற்காலை நான்கரை மணிக்குப் பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். மரம் வெட்டப் போன காலத்திலிருந்து அந்நேரத்தில் எழும் பழக்கம் அவருக்கு மாறவில்லை. குளியலறையில் விளக்கு இல்லை. அது பெரியப்பாவின் அலமாரியில் துணியில் சுற்றப்பட்டுப் பத்திரமாக இருந்தது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

நான் அரசு மருத்துவமனைக்குப் போனபோது பெரியம்மா மாற்றுத் துணி எடுத்து வரச் சொன்னார். வீட்டில் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்து சேலைகளை எடுத்தேன். அடியில் ஒரு மைலோ டின் இருந்தது. தூக்கியபோது கனத்தது. உள்ளே பொன்னிற ஒரு வெள்ளி நாணயங்கள். பின்புறத்தில் கிரிஸ் கத்தி பொறித்த, 1989ஆம் ஆண்டு வரிசையைச் சேர்ந்தவை. சிலருக்கு நினைவிருக்கும். போலி நாணயத் தொல்லையால் அவை 2005ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் முதல் செல்லாதவையாகிவிட்டன. எண்ணினேன். 163.

மருத்துவமனையில் அவர் கட்டில் ஓரமாக உட்கார்ந்து மெல்லக் கேட்டேன். பெரியம்மா முதலில் பதறினார். “அவர் பார்த்துட்டாரா?” இல்லை என்றதும் சொன்னார். சந்தைக்குப் போகும்போதெல்லாம் மீதிக் காசில் எப்போதாவது ஒன்று எடுத்து வைத்தாராம். மீன்காரரிடம் ஒரு வெள்ளி கூடுதலாகச் சொல்லச் சொல்லி, வீட்டில் அந்த விலையையே சொல்வாராம். பதினைந்து ஆண்டுச் சேமிப்பு.

“எதுக்குப் பெரியம்மா?”

“எதுக்குன்னு ஒன்னும் இல்லம்மா. கேக்காம செலவு பண்ண.”

செல்லாமல் போகப்போகிறது என்று வானொலியில் கேட்டிருக்கிறார். தனியாக வங்கிக்குப் போனதில்லை. பெரியப்பாவிடம் சொல்ல முடியாது. “என்கிட்ட கொடுத்திருக்கலாமே, நான் மாத்திக் கொடுத்திருப்பேனே,” என்றேன். பெரியம்மா சற்று நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நெனச்சேன். அந்தத் தீபாவளிக்குத்தான் நீ நாலு மணி அடிச்ச கதைய நடிச்சுக் காட்டுன. இதைக் கொடுத்தா இதையும் ஒரு கதையாக்கிடுவேன்னு பயமா இருந்துச்சு.” பிறகு, என்னை நோகடிக்க விரும்பாதவராய், என் கையைத் தட்டிக்கொடுத்துச் சொன்னார்: “நீ சொல்றப்ப எனக்கும் சிரிப்புதாம்மா வரும். சிரிச்சு முடிச்சிட்டு நீங்கள்லாம் காருல ஏறிடுவீங்க. நான் அந்த வூட்டுக்குத்தானே போவணும்.”

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்களுக்குக் கிடைத்த அந்தச் சிரிப்புக்கு யார் விலை கொடுத்தார் என்று அதுவரை நான் கணக்குப் பார்த்ததே இல்லை. பெரியப்பாவைக் கண்டிக்கும் வயது எனக்கில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையன்று. அவரைக் கேலி செய்யும் வயது மட்டும் எனக்கு எப்படி வந்தது?

டின்னை மறைத்து வைக்க நான் விரும்பவில்லை. பெரியம்மாவிடம் கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, “சொல்லு,” என்றார். அன்று மாலை பெரியப்பாவின் முன் மேசையில் கொட்டினேன். அவர் வழக்கம்போல் பத்துப் பத்தாக அடுக்கினார். “நூத்து அறுவத்து மூனு,” என்றார். எதற்கு என்று கேட்டார். பெரியம்மா சொன்ன சொல்லையே சொன்னேன். விழுந்ததும் அவர் கழற்றிய விளக்கினால்தான் என்றும் சொன்னேன். என் குரல் உயர்ந்திருந்தது. அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் முறை, அதுவே கடைசி முறையும். அவர் எதிர்த்துப் பேசவில்லை. மளிகைக் கடனையோ தாத்தாவையோ துணைக்கு அழைக்கவில்லை. அடுக்கிய நாணயங்களைக் கலைத்தார், மறுபடி அடுக்கினார். மறுபடியும் 163தான்.

இரவு நான் போய்ப் பார்த்தபோது குளியலறையில் விளக்கு எரிந்தது. பழையதன்று, புதிது. அதன் அடிப்பகுதியில் வாங்கிய தேதியையும் விலையையும் கறுப்பு மையால் எழுதியிருந்தார். எத்தனை நாள் உழைக்கிறது என்று பார்க்க வேண்டுமாம்.

அடுத்த மாதக் கட்டணம் 23 வெள்ளி சொச்சம். அவர் அதை மகிழ்ச்சியோடு கட்டினார் என்று எழுதினால் பொய்யாகிவிடும். மூன்று நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பற்பசையை வெட்டுவதையும் அவர் கடைசிவரை நிறுத்தவில்லை. 2016இல் அவர் மறைந்த பிறகு 555 புத்தகங்களை ஒரு பிஸ்கட் டின்னில் கண்டெடுத்தோம். கொத்தமல்லிக்கும் முகச்சவரக் கத்திக்கும் நடுவில், 2010க்குப் பிந்திய ஒவ்வொரு மாதத்தின் முதல் தேதியிலும் ஒரே வரி: ‘அவளுக்கு 30’. எதற்கென்று எழுதவில்லை. அந்தப் புத்தகங்களில் காரணம் எழுதப்படாத செலவு அது ஒன்றுதான்.

பெரியம்மா கைத்தடியோடு 2019 வரை இருந்தார். அந்த முப்பது வெள்ளியை என்ன செய்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். பெரும்பாலும் பேரப்பிள்ளைகளுக்குப் போனதாம். ஒரு நாள் மட்டும் சந்தைக்குப் பக்கத்துக் கடையில் தனியாக உட்கார்ந்து ஐஸ் கச்சாங் சாப்பிட்டாராம். “ரெண்டு கிண்ணம்,” என்று விரலைக் காட்டிச் சிரித்தார். “ஒன்னுதான்னு சொல்லிடாதே.”

இந்தக் கதையை நான் எந்தத் தீபாவளியிலும் சொல்லவில்லை. எழுதிக்கொள்ளட்டுமா என்று அவரிடம் கேட்டிருந்தேன். “நடிச்சுக் காட்டாம எழுது,” என்றார்.

மறுநாள் அந்த மாணவியை அழைத்துக் கட்டுரை ஏட்டைக் கொடுத்தேன். ணகரத்தைத் திருத்தச் சொன்னேன். நன்றாக எழுதியிருக்கிறாய் என்று பாராட்டினேன்; உண்மையாகவே நன்றாகத்தான் எழுதியிருந்தாள். பிறகு கேட்டேன்: “எல்லாரும் சிரிப்போம்னு எழுதியிருக்கியே, பாட்டியும் சிரிப்பாங்களா?”

அவள் புருவத்தைச் சுருக்கி யோசித்தாள்.

“தெரியல டீச்சர். பாட்டி அந்தப் பக்கம் திரும்பிச் சமைச்சிக்கிட்டு இருப்பாங்க.”